மேற்படி நபர் தொலையவில்லை

அந்தப் பையைக் கால்ல இடிச்சிராதீங்க தம்பி. உள்ள ஷீல்டு இருக்கு. மரத்துல பித்தளைத் தகடு அடிச்சது, நசுங்கிரும். துண்டுல சுத்தித்தான் வச்சிருக்கேன். இருந்தாலும் இந்த மலை வளைவுக்கு எது எங்க போய் முட்டும்னு சொல்ல முடியாது. குடுங்க, மடியிலயே வச்சிக்கிறேன்.

எனக்கா? எனக்கு யாரு ஷீல்டு குடுக்கப் போறா? என் சம்சாரத்துக்குக் குடுத்தது. ஆனா அதுல எழுதியிருக்கிறது என்னைப் பத்தி. அங்கதான் வில்லங்கமே. நீங்க சிறுமலையில கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடி பழத்தோட்டம் ஸ்டாப்புல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். முழுசாக் கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல போட்டு வச்சிக்கங்க. நான் தொலையலை.

என் பேரு பரமானந்தம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். மதுரை, பழனி, தேனி, கரூர்னு எந்தத் திசைக்கு எந்த வண்டி போகணும்னாலும் என் வாயிலருந்து வரணும். எந்த வண்டி உள்ள வந்தாலும் கண்டக்டர் எறங்கி வந்து என் ஜன்னல்ல தலையை நீட்டி, வந்துட்டோம் சார்னு சொல்லணும். சொல்லாம வண்டியை ஓரங்கட்டிட்டு டீ குடிக்கப் போனான்னு வைங்க, மெமோதான். தயவு தாட்சண்யமே கிடையாது. வந்த வண்டியை வரலைன்னு நினைச்சு நான் இன்னொரு வண்டியை அனுப்பிட்டா யாரு பதில் சொல்றது? அப்படி ஒழுங்கா இருந்தவன் நான். நான் தொலைவேனா தம்பி?

என் சம்சாரம் பேரு வசந்தகோகிலம். பள்ளிக்கூடத்து டீச்சர். சாரணர் இயக்கத்துல பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கைடு டீச்சராப் போட்டாங்க. பிள்ளைகளைக் கேம்புக்குக் கூட்டிட்டுப் போன எடத்துல காம்பஸ் பார்க்கப் படிச்சிட்டு வந்தா. வந்தவ சும்மா இருக்கலை. நம்ம ஊருல ஒரு கிளப்பு இருக்கு, திசைகாட்டிக் கழகம்னு பேரு, அதுல போய்ச் சேர்ந்துட்டா. ஓரியண்டியரிங்னு ஒரு போட்டி. எனக்கே வாயில நுழைய ஒரு வருஷம் ஆச்சு. ஒரு மேப்பு, ஒரு காம்பஸ், ஒரு அட்டை, இவ்வளவுதான் கையில. காட்டுக்குள்ள அங்கங்க ஆரஞ்சும் வெள்ளையுமாக் கொடி கட்டியிருப்பாங்க. வரிசையா ஒவ்வொண்ணாத் தேடிப் போயி, அங்க தொங்குற பஞ்சிங் கிளிப்பால அட்டையில ஓட்டை போட்டுட்டு, திரும்பி வரணும். யாரு சீக்கிரம் வர்றாங்களோ அவங்க ஜெயிச்ச மாதிரி.

கோகிலம் இதுல ஜெயிக்கிறான்னு சொன்னப்ப நான் நம்பலை. கோயிலுக்குப் போனாக்கூட நான் முன்னாடி போவேன், அவ பின்னாடி வருவா. கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தான். ஒரு தெரு திரும்பணும்னா எங்கிட்டத்தான் கேப்பா. கேக்கலைன்னாலும் நான் சொல்லிருவேன். அவ போயி மேப்பைப் பார்த்து ஓடி, காலேஜுப் பொண்ணுகளுக்கு முன்னாடி வந்து நிக்கிறாளாம். எனக்கு எப்படி இருக்கும்? சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லைன்னு நான் சொல்லவே இல்லை.

அந்தக் கிளப்புல ஒரு வழக்கம் இருக்கு. ஓடி முடிச்சு வர்ற எடத்துல ஒரு மேசை போட்டிருப்பாங்க. ஜெயிச்சு வந்தாலும் சரி, பாதியில விட்டுட்டு வந்தாலும் சரி, கால் சுளுக்கி அடுத்தவன் தோள்ல தொங்கிக்கிட்டு வந்தாலும் சரி, அந்த மேசைக்கு முன்னாடி நின்னு சத்தமா 'வந்தாச்சு'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் வந்ததாக் கணக்கு. கடைசி ஆளு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. ஏதோ நர்சரி ஸ்கூல் மாதிரின்னு நான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன தை மாசம் இதே மலையில ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுத்தாங்க. அம்பது வயசைத் தாண்டின பொம்பளைங்களுக்குத் தனிப் போட்டி. கோகிலத்துக்குத்தான் எடம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் துணைக்குப் போனேன். கிளப்புச் செகரட்டரி ரெக்ஸ் சார், காலேஜுல விளையாட்டு ஆசிரியர், ரொம்பத் தன்மையான ஆளு, அவரு என்னைப் பார்த்து, "சார், முதல் தடவை வர்றவங்களுக்குன்னு ஒரு சின்னச் சுத்து இருக்கு, நீங்களும் போயிட்டு வாங்களேன்"னாரு. கோகிலம், "அவருக்கு எதுக்கு சார்"னா. பாருங்க, அந்த ஒரு வார்த்தைதான். குடுங்க மேப்பைன்னு வாங்கிட்டேன். போனை மட்டும் யாரும் கொண்டு போகக் கூடாதுன்னு வாங்கி அவ பையில போட்டுக்கிட்டா.

முதல் கொடி கண்டுபிடிச்சேன். ரெண்டாவதும் கண்டுபிடிச்சேன். மூணாவது கொடி இருக்க வேண்டிய எடத்துல இல்லை. நான் சரியான எடத்துலதான் நின்னேன் தம்பி. பாறைன்னு மேப்புல போட்டிருக்கு, நான் பாறைக்குப் பக்கத்துல நிக்கிறேன். கொடியைக் காணோம். அப்ப யாரு தப்பு? கட்டினவன் தப்பு. கொஞ்ச நேரம் சுத்தினேன். எலுமிச்சைத் தோட்டம் வந்துச்சு, அப்புறம் காப்பித் தோட்டம் வந்துச்சு, அப்புறம் மறுபடி அதே மாதிரி ஒரு எலுமிச்சைத் தோட்டம் வந்துச்சு. அதைத் தாண்டினா ரோடு. ரோட்டுக்கு வந்து நிக்கிறேன், திண்டுக்கல் வண்டி வருது. கண்டக்டர் நம்மகிட்ட மெமோ வாங்கின பையன். "சார், நீங்களா, ஏறுங்க"ன்னு முன் சீட்டைக் காட்டுறான். ஏறினேன். போட்டியிலருந்து விலகிட்டேன், அவ்வளவுதான். ஒரு மனுஷனுக்கு விலகுற உரிமை இல்லையா?

வீட்டுக்கு வந்தேன், குளிச்சேன், தயிர் சாதம் இருந்துச்சு, சாப்பிட்டேன், படுத்தேன். இதுல எங்க தம்பி தொலைஞ்சேன்? என் வீடு எனக்குத் தெரியுது, என் பாய் எனக்குத் தெரியுது.

மலையில நடந்ததெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். சின்னச் சுத்துக்குப் போனவங்க எல்லாரும் வந்துட்டாங்க, நான் வரலைன்னு மேசையில பார்த்திருக்காங்க. நேரம் ஆக ஆகப் பயந்துட்டாங்க. கோகிலம் அவ ஓட்டத்துல கடைசிக்குப் பக்கத்துல வந்துட்டா. இன்னும் ரெண்டே கொடி. தண்ணி குடுக்கிற எடத்துல நின்ன பொண்ணு, "மேடம், உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையாம், வழியில பார்த்தீங்களா"ன்னு கேட்டிருக்கு. கேட்டதுதான். கோகிலம் மேப்பை மடிச்சு அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டு, வந்த வழியே திரும்பிட்டாளாம். அவளுக்குப் பின்னாடி வந்த அம்மா ஜெயிச்சிருச்சு. அந்த அம்மாதான் ஸ்டேட் டீமுக்குப் போச்சு.

நான் கேக்குறேன், யாரு திரும்பச் சொன்னா? ரெண்டு கொடியையும் பார்த்து முடிச்சிட்டு வந்து தேடியிருக்கலாம்ல? நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?

செக் போஸ்ட்டா இது? நிப்பாட்டட்டும், நிப்பாட்டட்டும். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா எடுத்துருவாங்க, உள்ள வச்சிக்கங்க.

என்ன சொல்லிட்டு வந்தேன்? ஆங், தேடினது. கிளப்பு மொத்தமும் தேடியிருக்கு. தோட்டத்து ஆளுங்க தேடியிருக்காங்க. மலை முழுக்கப் பரமானந்தம் சார், பரமானந்தம் சார்னு கூப்பிட்டிருக்காங்க. பாழுங்கிணத்துல டார்ச் அடிச்சுப் பார்த்திருக்காங்க. எனக்கு அதுதான் தாங்கலை. என்னைப் பார்த்தா பாழுங்கிணத்துல விழுற ஆளு மாதிரியா இருக்கு? கோகிலம் ஓடைக்குள்ள எறங்கி முள்ளுக்குள்ள பூந்து தேடியிருக்கா. ஷூ ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சாம், அதை விட்டுட்டே போயிருக்கா.

பொழுது சாயவும், போலீஸுல சொல்லணும், போட்டோ வேணும்னு சொல்லியிருக்காங்க. என் போட்டோவை எடுக்க வீட்டுக்கு வந்தா. ரெக்ஸ் சார்தான் கார்ல கொண்டாந்து தெருமுனையில விட்டிருக்காரு. கதவைத் திறந்து உள்ள வர்றா, நான் சாய்வு நாற்காலியில உக்காந்து நியூஸ் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

கத்துவான்னு நினைச்சேன். நானும் பதிலுக்குக் கத்துறதுக்குத் தயாராத்தான் இருந்தேன், கொடி இல்லாத விஷயத்தை முதல்ல எடுக்கணும்னு. அவ கத்தலை. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன். அப்புறம் போனை எடுத்து ரெக்ஸ் சாரைக் கூப்பிட்டு, "சார், அவரு வந்தாச்சு. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிருங்க"ன்னா. சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்தா. அப்பத்தான் ஷூ இல்லாத பாதத்தைப் பார்த்தேன், முள்ளு குத்திக் கிழிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாளு அவ பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சுதான் நடந்து போனா. எனக்குக் கஷ்டமா இல்லையான்னா, இருந்துச்சு. பெத்த தகப்பன் வீட்டை விட்டுட்டு என்னை நம்பி வந்தவளை ஒரு நாளாவது நான் கஷ்டப்பட விட்டிருப்பேனா? மஞ்சள் அரைச்சுக் குடுத்தேன். ஆனா விஷயத்தைக் கவனிங்க. "அவரு வந்தாச்சு"ன்னு அவளே சொல்லியிருக்கா. அவ வாயால. அப்படீன்னா நான் எப்படித் தொலைஞ்சவன் ஆவேன்?

இதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். கிளப்பு ஆண்டு விழா வந்துச்சு. வருஷா வருஷம் நல்லாச் செஞ்சவங்களைக் கூப்பிட்டு மரியாதை பண்ணுவாங்க. பொன்னாடை, மாலை அதெல்லாம் கிடையாது. ரெக்ஸ் சார் மைக்குல அந்த ஆளு காட்டுல என்ன செஞ்சாருன்னு வாசிப்பாரு. ஷீல்டு குடுப்பாங்க. வாங்கினவங்க மேடையில நின்னு 'வந்தாச்சு'ன்னு சொல்லணும், மொத்த மண்டபமும் எந்திரிச்சுக் கை தட்டணும். ஜெயிச்சவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பேங்க் மேனேஜர் ஒருத்தரு, வருஷம் பூரா எல்லாப் போட்டியிலயும் கடைசியா வந்தவரு, ஆனா ஒரு கொடியைக்கூட விடாம வந்தாராம், அவருக்கு ஒரு ஷீல்டு. மனுஷன் மேடையில நின்னு அழுறாரு. மூடுபனியில சின்னப் பிள்ளைகளை எல்லாம் ஒரே கயித்தைப் பிடிக்க வச்சுக் கூட்டியாந்த பொண்ணு ஒண்ணு, அதுக்கு ஒரு ஷீல்டு. நானும் நல்லாக் கை தட்டினேன். எனக்கென்ன பொறாமையா?

அப்புறம் கோகிலத்தைக் கூப்பிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அவளுக்கே தெரியாதாம். ரெக்ஸ் சார் வாசிக்கிறாரு. 'வெற்றிக்கு இரண்டே கொடிகள் மீதமிருந்த நிலையில், சக ஓட்டக்காரர் ஒருவர் காட்டில் தொலைந்துவிட்டார் என்று அறிந்து, தன் ஓட்டத்தை அங்கேயே கைவிட்டு, அவரைத் தேடிச் சென்ற'ன்னு போகுது.

எனக்கு எப்படி இருக்கும்? எந்திரிச்சேன். "நான் தொலையலை"ன்னு சத்தமாவே சொன்னேன். ரெக்ஸ் சார் ஒரு மாதிரி முழிச்சிட்டு, "சார், நாங்க யாரு பேரையும் சொல்லலையே"ங்கிறாரு. ஒரே சிரிப்பு. சீஃப் கெஸ்டும் சிரிக்கிறாரு. பேர் சொல்லலைன்னா? ஊருக்கே தெரியாதா? தெரியாத ரெண்டு மூணு பேரு இருந்திருந்தாலும் அப்பத் தெரிஞ்சிருச்சு.

கோகிலம் மட்டும் சிரிக்கலை. ஷீல்டைக் கையில வச்சிக்கிட்டு அந்தத் தகட்டையே பார்த்தா. அப்புறம் 'வந்தாச்சு'ன்னா. மைக்குல கூட சரியாக் கேக்கலை. மொத்த மண்டபமும் எந்திரிச்சுக் கை தட்டுது. நான் ஏற்கனவே நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அதனால நானும் அவளுக்காக எந்திரிச்ச மாதிரி ஆயிப்போச்சு. உக்காந்தா பொண்டாட்டிக்கு மரியாதை குடுக்கலைம்பாங்க, நின்னா நான் தொலைஞ்சதை ஒத்துக்கிட்ட மாதிரி. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? நின்னேன்.

ஷீல்டு வீட்டுக்கு வந்துச்சு. அவ அதை அலமாரியில திருப்பி வச்சிட்டா, எழுத்து சுவத்தைப் பார்க்கிற மாதிரி. ஆனா எழுத்து இருக்கத்தானே செய்யுது? அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் எனக்கு முதுகுல அரிக்கும். வர்றவன் போறவன் திருப்பிப் பார்த்தா? மாத்தி எழுதிக் குடுங்கன்னு ரெக்ஸ் சாருக்குப் போன் மேல போன் போட்டேன். "பார்க்கலாம் சார், பார்க்கலாம் சார்"ங்கிறாரே ஒழிய மாத்தலை. சரி, நானே பார்த்துக்கிறேன்னு ரத வீதியில பாத்திரத்துக்குப் பேரு வெட்டுறவருகிட்டக் கொண்டு போயிட்டேன். தகட்டுல கீழ கொஞ்சம் எடம் இருந்துச்சு. 'குறிப்பு: மேற்படி நபர் தொலையவில்லை.' அவ்வளவுதான் வெட்டச் சொன்னேன். அவரு வெட்டி முடிச்சிட்டு, "யாருங்க அந்த நபரு?"ன்னாரு. வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இன்னைக்குப் பழத்தோட்டத்துல மறுபடியும் ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். கோகிலத்துக்கு முட்டி தேஞ்சு போச்சு, இந்த வருஷத்தோட ஓட்டத்தை நிறுத்திக்கங்கன்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு. அதனால இன்னைக்கு விட்டா அவளுக்கு இனிமே கிடையாது. ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடி நிப்பாங்க பாருங்க, அப்ப இந்த ஷீல்டை ரெக்ஸ் சார் கையில குடுத்து, கீழ வெட்டியிருக்கிற வரியை மைக்குல வாசிங்கன்னு சொல்லப் போறேன். வாசிக்காம விட மாட்டேன்.

கோகிலம்கிட்ட நேத்தே காட்டிட்டேன். ஒளிச்சு மறைச்சுச் செய்யிற பழக்கம் எனக்கு இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சா. "எழுத்து நல்லா விழுந்திருக்கு"ன்னா. அப்புறம், "நாளைக்கு வர்றதுன்னா வாங்க. நான் ஓடக் கிளம்புறதுக்குள்ள வந்து, வந்தாச்சுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க. எனக்கு அது போதும்"னா. அதுல குத்தல் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க. விடிகாலையில கிளப்பு வேன்ல கிளம்பிப் போயிட்டா. நான் என் பாட்டுக்கு நம்ம கார்ப்பரேஷன் வண்டியில வர்றேன். எனக்கு வழி தெரியாதா?

என்ன, எல்லாரும் எறங்குறாங்க? டீ குடிக்க நிப்பாட்டியிருக்கானா?

கடைசி ஸ்டாப்பா? அப்ப பழத்தோட்டம்?

தாண்டிருச்சா? எப்பத் தாண்டிச்சு? கண்டக்டர் சத்தம் குடுத்தாரா? குடுக்கலை தம்பி. நான் கேக்கலையே. நீங்க கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்ல வேண்டியதுதானே? சரி, நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன், விடுங்க. திரும்பிப் போற வண்டி எப்போ? மத்தியானமா? சரி. ஒண்ணும் கெட்டுப் போகலை. பழத்தோட்டம் அந்தப் பக்கம்தானே இருக்கணும்? இந்தத் தோப்புக்குள்ள எறங்கி நேராப் போனா குறுக்கு வழியில போயிரலாம். ரோடு சுத்திச் சுத்தி வருது, நம்ம ஏன் சுத்தணும்?

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் ஒண்ணும் தொலைய மாட்டேன்.

இல்லை, எனக்கும் புரியுது. அவ ஓட்டம் ஆரம்பிக்கிற கோட்டுல நின்னுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருப்பா. வண்டி அந்த வழியாப் போயிருக்கும், நான் எறங்கலைன்னு பார்த்திருப்பா. மறுபடியும் மேப்பை மடிச்சு யாரு கையிலயாவது குடுத்துட்டு வந்துருவா தம்பி. அவ அப்படித்தான். சொன்னாக் கேக்க மாட்டா.

என் போன்ல சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. உங்க போன்ல கிடைக்குதா? ஒரு நிமிஷம் குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம், அத்தனை தடவை பேசியிருக்கேன்.

ஹலோ, ரெக்ஸ் சாரா? பரமானந்தம் பேசுறேன். இல்லை, இல்லை, ஷீல்டு விஷயம் இல்லை. அதை அப்புறம் பேசிக்கலாம். கோகிலம் கிளம்பிட்டாளா? இன்னும் இல்லையா. நிக்கிறாளா? வரிசையை விட்டு வெளிய வந்துட்டாளா? உள்ள போகச் சொல்லுங்க சார். நான் கடைசி ஸ்டாப்புல இருக்கேன். டீக்கடை இருக்கு, பெஞ்சு இருக்கு. நீங்க யாராவது வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அதுலருந்து எந்திரிக்க மாட்டேன். தோப்புக்குள்ள எல்லாம் எறங்க மாட்டேன், சத்தியமா. அவளை ஓடச் சொல்லுங்க. கடைசிக் கொடி வரைக்கும் ஓடச் சொல்லுங்க. தொலையலை சார், ஸ்டாப்பைத் தாண்டி வந்துட்டேன், அது வேற இது வேற.

என்ன? அவ என்ன சொல்றா?

நான் அந்த வார்த்தையைச் சொன்னாத்தான் போவாளா? போனை அவ காதுல வச்சிருக்கீங்களா?

தம்பி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

வந்தாச்சு.

கேக்கலையா? இங்க ஆளுங்க இருக்காங்க கோகிலம். சரி. வந்தாச்சு. நான் வந்தாச்சு, நீ போ.

இந்தாங்க தம்பி உங்க போனு. கிளம்பிட்டாளாம். வாங்க, அந்த பெஞ்சுல உக்காருவோம். பையைப் பார்த்து வைங்க, கீழ வேணாம், பக்கத்துலயே இருக்கட்டும். அவளுக்கு இன்னைக்கும் ஷீல்டு குடுத்தா இதோட சேர்த்து வைக்கணும், அலமாரியில எடம் பண்ணணும். ரெண்டையும் நேராவே வச்சிக்கலாம். குறிப்புத்தான் இருக்கே, படிக்கிறவன் படிச்சுக்கட்டும்.